செம்மண் ஏறிய வெள்ளைக் காலுறை, வாடை போகாத கறுப்புக் காலுறை: எதை வாங்குவது, எப்படித் துவைப்பது?

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியுள்ள குடியிருப்பில் வசிக்கிறோம். மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், அடுத்தவள் பாலர் பள்ளிக்குப் போகிறாள், மூன்றாவது இன்னும் தவழ்கிற பருவம். வீட்டில் மற்றத் துணிகளெல்லாம் ஒரு வழிக்கு வந்துவிடுகின்றன. காலுறை மட்டும் வரமாட்டேன் என்கிறது.

2021ஆம் ஆண்டிலிருந்து மலேசியாவில் பள்ளிக் காலணியும் காலுறையும் கறுப்பாகிவிட்டதால் தாய்மார்களின் பாதித் தொல்லை தீர்ந்தது என்று சொல்கிறார்கள். கறுப்பில் அழுக்குத்தான் தெரியாது, நாற்றம் தெரியாமல் இருப்பதில்லை. துவைத்துக் காயவைத்து மடித்து வைத்ததை மறுநாள் காலையில் பையன் போட்டுக்கொண்டு சிறிது நேரம் ஆவதற்குள் பழைய வாடை திரும்பிவிடுகிறது. சில மாதங்களில் நிறமும் சாம்பலுக்கு இறங்கி, வாய்ப்பகுதி தொளதொளத்துக் குதிகாலுக்கு வழிகிறது.

வெள்ளைக் காலுறையும் முற்றாக ஒழிந்தபாடில்லை. எங்கள் பள்ளியில் உடற்கல்விக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் வெள்ளைதான் போட்டு வரச் சொல்கிறார்கள். குறுக்கோட்டம் தோட்டத்துச் செம்மண் சாலை வழியாகப் போகும். முதல் நாள் மழை பெய்திருந்தால் கணுக்கால்வரை செம்மண் குழம்புதான். குளோரின் வெளுப்பானில் இரவு முழுதும் ஊறவைத்தாலும் சிவப்பு மங்கலாக அப்படியே நிற்கிறது, அது போதாதென்று வாய்ப்பட்டி மஞ்சளாகிவிடுகிறது.

துவைப்பது இரட்டைத் தொட்டி இயந்திரத்தில். பொதுவாகக் குழாய்த் தண்ணீர். தண்ணீர்த் தடை வந்தால் வீட்டுக்குப் பின்னால் உள்ள குழாய்க் கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்வோம். இரவுச் சந்தையில் கட்டாக விற்பதை வாங்குவதா, விலை கூடியதை வாங்குவதா, முழுப் பருத்தியா, கலப்பு நூலா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். பையனுக்குக் கால் விரலிடுக்கில் அரிப்பும் இருக்கிறது. அதற்கும் காலுறைக்கும் தொடர்பு உண்டா?

பழைய ஆய்வுக்கூடம் (கோலகங்சார்) எழுதியது:

வணக்கம் சகோதரி. அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் செம்மண்ணிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் நோய் ஒன்றாகவும் மருந்து வேறாகவும் இருப்பது இந்த விஷயத்தில்தான்.

செம்மண்ணுக்கு நிறத்தைக் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் பாறை சிதையும்போது சிலிக்கா மெல்ல மெல்லக் கரைந்து போய்விட, இரும்பும் அலுமினியமும் ஆக்சைடாக மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. வெளுப்பான் என்பதோ ஆக்சிசனேற்றத்தின் மூலம் நிறத்தை உடைப்பது. தேநீர்க் கறை, குழம்புக் கறை போன்றவற்றில் அது நன்றாக வேலை செய்யும். ஏற்கெனவே முழுதாக ஆக்சிசனேற்றம் அடைந்து துருவாகிப்போன இரும்பை அது என்ன செய்ய முடியும்? இரவு முழுதும் ஊறினாலும், ஒரு வாரம் ஊறினாலும், சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கும்.

மஞ்சள் நிறம் இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். காலுறையின் வாய்ப்பட்டிக்கு இழுவை கொடுப்பது ஸ்பாண்டெக்ஸ் என்னும் நூல். அதோடு நைலானும் கலந்திருக்கும். குளோரின் பட்டால் இவை இரண்டும் மஞ்சளாகும், ஸ்பாண்டெக்ஸ் இழுவையையும் இழந்துவிடும். ஆகவே காலுறை குதிகாலுக்கு வழிவதும் மஞ்சளாவதும் ஒரே காரணத்தால் நிகழக்கூடியவை. இரண்டாவது வழி உங்கள் குழாய்க் கிணறு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. வாளியில் பிடிக்கும்போது தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். அதில் வெளுப்பானை ஊற்றிய மறுகணமே கரைந்திருந்த இரும்பு துருவாக மாறித் துணியில் படியத் தொடங்கும். கிணற்றுத் தண்ணீரையும் வெளுப்பானையும் வெள்ளைத் துணிக்கு ஒருசேரப் பயன்படுத்தவே கூடாது. தடை நீங்கிக் குழாயில் முதலில் வரும் கலங்கல் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தண்ணீர் தெளியும்வரை வெள்ளைத் துணியைத் தள்ளிப்போடுங்கள்.

குறுக்கோட்டம் முடிந்து பையன் வீட்டுக்கு வந்ததும் காலுறையைத் தண்ணீரில் போடத்தான் கை போகும். போடாதீர்கள். ஈரச் சேற்றைத் தேய்த்தால் நுண்ணிய மண் நூலுக்குள் இறங்கும். நன்றாகக் காயவிட்டு, உதறி, பழைய பல்துலக்கியால் நூலோட்டத்தின் வழியே தட்டித் தட்டித் துலக்கினால் பாதி மண் பொடியாகவே உதிர்ந்துவிடும். பிறகு உள்புறத்தை வெளியே திருப்பி, குழாயை வேகமாகத் திறந்து, உள்ளிருந்து தண்ணீர் பாய்ந்து மண்ணை வெளிப்பக்கமாகத் தள்ளும்படி பிடிக்க வேண்டும். கீழே ஓடும் தண்ணீரில் சிவப்பு குறையும்வரை பிடியுங்கள். அதன் பிறகுதான் சவர்க்காரம்.

இத்தனைக்குப் பிறகும் நிற்கும் சாயலுக்கு அமிலம் வேண்டும். ரொட்டி, கேக் சாமான் விற்கும் கடைகளில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். பழுப்பு மங்கல் இன்னும் இருந்தால், ஆக்சிசன் வெளுப்பான் என்று விற்கப்படும் சோடியம் பெர்கார்பனேட் தூளைச் சூடான தண்ணீரில் பயன்படுத்தலாம். அது குளோரின் அளவுக்கு ஸ்பாண்டெக்ஸைக் கெடுப்பதில்லை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். துரு இருக்கும்போதே பெர்கார்பனேட்டில் போட்டால், அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் பெராக்சைடை அந்த இடத்து இரும்பு தூண்டிவிட்டு, பருத்தி நூலையே அரித்துவிடும். எங்கும் மாட்டாமல் கிழியாமல் துணியில் ஊசிமுனை அளவுக்குச் சிறுசிறு துளைகள் விழுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

எலுமிச்சை, வினிகர் போன்ற எந்த அமிலத்தையும் குளோரின் வெளுப்பானோடு கலக்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். சன்னல் சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவும் செய்தாலும் குறுக்கோட்டக் காலுறை கடைக்குப் போட்டிபோடும் வெண்மைக்குத் திரும்பாது. பழைய ஜோடி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிடுவதுதான் என் யோசனை. ஓடுகிற பிள்ளையின் காலுறை வெண்மையாக இருக்கிறதா என்று யாரும் புள்ளி போடுவதில்லை.

நூலும் பின்னலும் (ஈப்போ) எழுதியது:

ஐயா துவைப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஈப்போவில் பள்ளிச் சீருடை விற்கும் கடையில் நிற்பவள் என்ற முறையில், வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

அக்கா, இரவுச் சந்தையில் விற்பதெல்லாம் மட்டம், பெரிய கடையில் விற்பதெல்லாம் தரம் என்ற கணக்கு வேண்டாம். அட்டையைத் திருப்பி நூலின் விகிதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதாததை வாங்காதீர்கள். பள்ளிக்கு முக்கால் பங்குக்கு மேல் பருத்தி, மீதி நைலான், சிறிதளவு ஸ்பாண்டெக்ஸ் என்றிருந்தால் போதும். முழுப் பருத்தி கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வேர்வையை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே வைத்திருக்கும், குதிகாலில் சீக்கிரம் தேயும், வாய்ப்பகுதியும் நிற்காது. முழுப் பாலியஸ்டர் சட்டென்று காயும், ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொண்டு விடாது. துவைத்த பிறகும் திரும்பி வருகிறது என்று நீங்கள் சொல்லும் வாடை பெரும்பாலும் அந்த வகைக் காலுறையில்தான் வரும்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காலுறைக்குள் கையை விட்டு விரல்களை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கறுப்பு நூலுக்கிடையே வெளிச்சம் சல்லடையாகத் தெரிந்தால், அல்லது வெளிறிய உள்நூல் பல்லிளித்தால், அது பள்ளித் தவணை முடியும்வரை தாங்காது. அடுத்து, விரல் முனையை உள்புறமாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்த தையல் வரப்புபோல் தடித்திருந்தால், காலணிக்குள் நாள் முழுதும் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, காலுறையைச் சுருட்டிப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வரும். விரலால் தடவினால் தட்டுப்படாத தட்டைத் தையலாகத் தேடுங்கள்.

அளவுக்குப் பிள்ளையைக் கடைக்கு இழுத்து வர வேண்டியதில்லை. காலுறையின் பாதப் பகுதியைப் பிள்ளையின் மூடிய கைமுட்டியைச் சுற்றி வைத்தால் குதிகாலும் விரல் முனையும் தொட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் சரியாக வரும். வளரும் கால்தானே என்று பெரிதாக வாங்கினால் மடிப்பு விழுந்து கொப்புளம் போடும். சிறியதை நீட்டிக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டால் விரல்கள் மடங்கும்.

ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே அளவாக ஆறு ஜோடி வாங்கிவிடுங்கள். ஒன்று கிழிந்தாலோ தொலைந்தாலோ மற்றது அநாதையாகாது. தங்கச்சியும் பெரிய பள்ளிக்குப் போகும்போது யாருடையது எது என்ற சண்டை வரும். வாய்ப்பட்டியின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு தையல், பச்சை நூலில் ஒரு தையல் போட்டுவிட்டால் தீர்ந்தது.

கறுப்பு வெளிறுவதற்கு உராய்வும் வெயிலும் காரணம். சவர்க்காரத் தூளில் வெளுப்புச் சரக்குக் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். உள்புறம் வெளியே திருப்பி, வண்ணத் துணிக்கான திரவச் சவர்க்காரத்தில் போடுங்கள். துண்டோடு சேர்த்துப் போட்டால் வெள்ளைப் பஞ்சு ஒட்டி, நிறம் போகாமலே நரைத்த மாதிரி காட்டும். புதுக் காலுறையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று என்னிடம் சொல்லாத வாடிக்கையாளர் குறைவு. ஆலையில் ஏற்றிய சாயத்தை வீட்டு உப்பு பிடித்து வைக்காது. முதல் சில தடவை தனியாகத் துவைத்தாலே போதும்.

வெள்ளைச் சீருடை (தைப்பிங்) எழுதியது:

பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றியவள். அரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிவதும், அரிப்பும், வாடையும் சேர்ந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். அரசாங்கக் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுங்கள். வேறு தோல் நோய்களும் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும், கடையில் கிடைக்கும் எல்லாக் களிம்பையும் போட்டுப் பார்ப்பது சரியன்று. பூஞ்சையாக இருந்தால், அது துணியில் உயிரோடு தங்கி மறுபடி காலுக்கு வரும். குளிர்ந்த தண்ணீரில் துவைப்பது அதற்குப் போதாது. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் சூட்டை அமைத்துக்கொள்ளும் வசதி இருக்காது. ஆகவே மூடியுள்ள வாளி ஒன்றில் கொதிக்கும் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவில் கலந்தால், நம் ஊர்த் தண்ணீர் 28 பாகை அளவில் இருப்பதால், கலவை 60க்குச் சற்று மேலே நிற்கும். முதலில் குழாய்த் தண்ணீர், அதன்மேல் கொதிநீர் என்று ஊற்றி, சவர்க்காரம் கரைத்து, உள்புறம் திருப்பிய காலுறைகளை அமுக்கிவிட்டு மூடி வையுங்கள். அரைமணி நேரம் கழித்து இயந்திரத்துக்கு மாற்றலாம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவைக்க வேண்டாம், இழுவை நூல் தாங்காது. தவழும் குழந்தை வீட்டில் இருப்பதால் வாளியைத் தரையில் வைக்கவே வேண்டாம்.

வாடைக்கும் இதுவே வழி. வேர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. தோலில் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் ஐசோவாலெரிக் அமிலம் போன்ற நாற்றப் பொருள்கள் உண்டாகின்றன. அந்த உயிரிகளும் இறந்த தோலும் காலுறையின் உள்பக்கத்தில் இருக்க, நாம் வெளிப்பக்கத்தைத் துவைத்துக்கொண்டிருக்கிறோம். மணத்துக்காக ஊற்றும் துணி மென்மைத் திரவத்தைக் காலுறைக்கு நிறுத்திவிடுங்கள். அது நூலின்மேல் படலமாகப் படிந்து, வேர்வையை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கிறது.

காலணி ஈரமாக இருந்தால் மேற்சொன்ன எல்லாம் வீண். இரண்டு ஜோடி காலணி வைத்து மாற்றி மாற்றிப் போடவிடுங்கள். குளித்ததும் விரலிடுக்கைத் துடைக்கப் பழக்குங்கள், அவன் கால் துடைக்கும் துண்டைத் தங்கையிடம் கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தைக்குப் பூப்போட்ட காலுறை வாங்கினால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வடிவத்துக்காக இழுத்த நூல்கள் நீளநீளமாகத் தொங்கும். ஒரு நூலோ தலைமுடியோ விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைபடும், குழந்தை காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருக்கும். அப்படி அழும்போது காலுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். நூல் இறுகி விரல் சிவந்தோ வீங்கியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

தென்னந்தோப்பு (பாகான் டத்தோ) எழுதியது:

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் செம்மண் கிடையாது, சாம்பல் நிறக் களிமண். அதற்கும் காயவிட்டு உதிர்ப்பதுதான் நாங்கள் வழக்கமாகச் செய்வது. காயவைப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்றுதான் வந்தேன்.

காலுறையை முறுக்கிப் பிழியக் கூடாது, அம்மா. முறுக்கும்போது முதலில் அறுவது வாய்ப்பட்டிக்குள் இருக்கும் இழுவை நூல். கையால் துவைத்தால், காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, காலால் மிதித்து எடுங்கள். இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால் இந்தக் கவலை இல்லை. வலைப் பைக்குள் போட்டுச் சுழற்றுங்கள், ஒற்றைக் காலுறை தொட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளாது.

விரல் பக்கம் மேலே இருக்கத் தொங்கவிட வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். சுழற்றிய காலுறைக்கு அது சரி, ஏனென்றால் கவ்வி வாய்ப்பட்டியை இழுக்காது. கையால் பிழிந்த காலுறையை அப்படிப் போட்டால் தண்ணீரெல்லாம் இறங்கி இரட்டை மடிப்பான வாய்ப்பட்டியில் தேங்கும், மாலைவரை அது காயாது, ஊளை நாற்றம் வரும். அதற்கு வாயின் ஒரு விளிம்பில் மட்டும் கவ்வியைப் போட்டு, காற்று உள்ளே போகும்படி வாயைத் திறந்துவிட வேண்டும். வெள்ளைக்கு வெயில் நல்லது, கறுப்புக்கு நிழலும் காற்றும்.

மாலையில் துவைத்தால் இங்கே பாதி நாள் மழையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முதல் நாள் இரவில் துவைத்து முன்கூரையின் கீழ் தொங்கவிட்டால், மறுநாள் மதியத்து இடி மழைக்கு முன் காய்ந்துவிடும். அடைமழைக் காலத்தில் மின்விசிறிக்கு நேரே கொடி கட்டுங்கள். காசு போட்டு உலர்த்தும் டோபிக் கடைக்குப் போவதானால் குறைந்த சூட்டையே தேர்ந்தெடுங்கள்.

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கிளினிக்குக்கு இந்த வாரமே போகிறோம். ஐயாவிடம் இன்னொரு கேள்வி. பக்கத்து வீட்டு வேலியோரம் பெலிம்பிங் பூலோ என்னும் புளிப்புக் காய் சரம்சரமாகக் காய்த்துக் கொட்டுகிறது. துருக்கறைக்கு அதைத்தான் அந்தக் காலத்தில் தேய்ப்பார்கள் என்று அந்த வீட்டுப் பாட்டி சொல்கிறார். எலுமிச்சை உப்புக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாமா?

பழைய ஆய்வுக்கூடம் (கோலகங்சார்) எழுதியது:

தாராளமாகப் பயன்படுத்தலாம், பாட்டி சொல்வது சரி. அந்தக் காயின் புளிப்பில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது துருவிலுள்ள இரும்பைப் பிணைத்துக் கரைத்துவிடும். காய்களை நசுக்கி, சாற்றைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பச்சைச் சக்கை நூலில் மாட்டிக்கொள்ளும். மண்ணை உதிர்த்து அலசிய பிறகு, கறை உள்ள இடத்தில் மட்டும் சாற்றைத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, வழவழப்பு முற்றிலும் போகும்வரை அலசுங்கள். சாறு துணியிலேயே காய்ந்தால் பருத்தி நலிந்துவிடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பிடித்த கிண்ணத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வெள்ளைக் காலுறைக்கு மட்டும் இந்த வைத்தியம். கறுப்பில் தேய்த்தால் சாயம் திட்டுத்திட்டாக மாறக்கூடும்.